ஐந்து மணிப் பெட்டி

ஒரு யூரோ தொண்ணூற்றொன்பதுக்கு
காசாளர் வரிசையில் நிற்கையில் எடுத்த கலன்கோ.
வாங்கும்போது பூத்திருந்தது.
அதன் பிறகு மூன்று வருடம்
இலை, இலை, மேலும் இலை.
ரணகள்ளிக்குச் சொந்தக்காரி, புண்ணாற்றும் வம்சம்,
பூக்கிறதை மட்டும் மறந்துபோய்
கொழுகொழுவென்று சன்னலோரம் இருந்தாள்.

நானும் என்னதான் செய்யவில்லை.
தெற்கு வெயில். கரைத்த உரம்.
ஈரத்துணியால் முகம் துடைத்தல்.
கெஞ்சல். பிறகு
குப்பைவாளியைக் காட்டி ஒரு வெருட்டல்.

ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு தட்டுக் கழுவும் பொஷேனா
கேட்டுவிட்டுச் சிரித்தாள்:
"வெளிச்சம் கூடிப்போச்சு. அதுக்கு இரவைக் குடு.
பதினாலு மணித்தியாலம், ஆறு கிழமை.
இடையில ஒரு பொட்டு வெளிச்சமும் படக்கூடாது."

இரவுக்கு நான் எங்கே போவேன்?
வூப்பர்டாலில், ஃபோவிங்கலில்,
தெருவுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயில்
சரியாக எங்கள் சன்னல் உயரத்தில்
நாற்பது அந்நியரை விளக்குப் போட்டுக் கொண்டுவந்து
வரவேற்பறைக்குக் காட்டிவிட்டுப் போகும்,
நடுச்சாமம் தாண்டும்வரை.
மூன்று வருடமாய் அது
கண்ணே மூடவில்லை, பாவம்.

மகன் கீலுக்குப் போனபோது விட்டுப்போன பூட்ஸ் பெட்டி,
அளவு நாற்பத்தாறு.
கைபிடி ஓட்டைக்குக் கறுப்பு டேப்.
பின்னேரம் ஐந்துக்கு மூடவேண்டும்; நான் அப்போது வேலையில்.
காலை ஏழுக்குத் திறக்கவேண்டும்; அவர் அப்போது வேலையில்.
பேச்சோ ஆவணியிலேயே நின்றுவிட்டிருந்தது.
ஒரு கடன், அவருடைய தம்பி, என்னுடைய காப்பு.
அது இங்கே வேண்டாம்.
பெட்டியின் மேல் எழுதிவைத்தேன்:
"17.00 மூடவும்."

மறுநாள் அதன் கீழே, இடப்பக்கம் சாயும் அவர் எழுத்தில்:
17.00.
பிறகு 16.58.
பிறகு 17.03, பாண் வாங்கப் போனேன்.
பதினோராம் நாள்:
18.40. நித்திரையாகிப்போனேன். ரயில் பாத்திட்டுது.

விடியற்காலையில், தனியே, பல்துலக்காத வாயோடு
சிரித்துவிட்டேன்.
"பரவாயில்லை" என்று எழுதினேன்.
பேனை இன்னும் கையில் இருந்தது.
"மீன்தலை குளிர்சாதனப் பெட்டியில், கீழ்த்தட்டு."

கார்த்திகை பிறக்குமுன்னே மூடி நிரம்பி
எழுத்து பக்கங்களுக்கு இறங்கியது.
ஹீட்டர்காரன் வந்தான்.
மகன் எடுத்தான், இருமுகிறான்.
ஒருநாள் "அந்தக் காப்பு" என்று தொடங்கி
மிச்சம் முழுவதும் கிறுக்கல்.
எவ்வளவு அழுத்தி வெட்டியிருக்கிறார் என்றால்
அட்டை கிழிந்து, வெளிச்சம் புகும் அளவு ஒரு துளை.
உள்ளே பார்த்தேன்.
அதற்கும் டேப் ஒட்டியிருந்தார்.

ஏழாவது கிழமை, வெளியே இன்னும் இருட்டு,
இலையிடுக்கில் கடுகு கடுகாய் ஏதோ.
நான் ஒன்றும் எழுதவில்லை.
இரவு வந்து பார்த்தால்:
"கண்டேன். சிவப்புத்தானே?"
மஞ்சள், என்று எழுதினேன்.
சிவப்பு. எடுத்தது நான்.
மஞ்சள். காசு குடுத்தது நான்.
சிவப்பு!!
போல்பாயின்ட் மை தீரும்வரை சண்டை.
எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு சண்டை போட்டு.

ஞாயிறு, இருவருக்கும் லீவு.
மொட்டு இந்தளவு வந்தால் இனிப் பெட்டி வேண்டாம் என்று
பொஷேனா போன கிழமையே சொல்லிவிட்டாள்.
நான் அதைப் பெட்டியில் எழுதவில்லை.
ஐந்தடிக்க ஒரு நிமிடம்.
அவர் பெட்டியைத் தூக்குகிறார்,
நான் இலைகளை ஒதுக்கிப் பிடிக்கிறேன்.
ரயில் ஒன்று கடக்கிறது.
நாற்பது பேரும் பார்த்திருப்பார்கள்,
எதன் மேலோ குனிந்து நிற்கும் இரண்டு தலைகளை.

"சிவப்பு," என்கிறார்.

ஆவணிக்குப் பிறகு கேட்கிற குரல்.
கொஞ்சம் கரகரப்பாய் இருக்கிறது.
தடிமனாக்கும்.