மூன்று குத்து, ஒரு குத்து

கால்சோன் என்றதும்
தஸ்நேவிஸ் கேட்டான், "இதில் கால் எங்கே?"
இத்தாலிக்காரன் பேச்சில் அதற்குக் கால்சட்டை என்று பொருளாம்.
சொன்னது எங்கள் கடைச் சமையல்காரன் ஹானி.
அவன் எகிப்துக்காரன்,
அவனுக்கு யார் சொன்னார்களோ.

இரண்டு வருஷமாகச் சுமக்கிறேன் இதை,
பைக்கின் பின்பெட்டியில்,
மஹ்பூலாவிலிருந்து மங்காஃப், ஃபின்தாஸ், அபு ஹலீஃபா.
ஒன்று மூன்றே முக்கால் தினார்.
அட்டையின் ஓட்டை வழியே வாசனை மட்டும்
முதுகில் வந்து சாய்ந்துகொள்ளும்.
தின்றதில்லை.

இன்று வெள்ளி, எனக்கு ஓய்வு.
ஜம்மியாவில் பாதி விலைக்கு ஒரு கட்டி மொசரெல்லா,
நாளையோடு தேதி முடிகிறது.
அதை எடுத்த கை
மைதாவையும் ஈஸ்டையும் தானே எடுத்துவிட்டது.

இரண்டு மணி நேரம் பொங்க விடணும் என்பான் ஹானி.
ஹானிக்கு ஏசி சமையலறை.
எங்கள் பால்கனியில் நாற்பத்தெட்டு டிகிரி.
மூடிய ஈரத்துணி காய்ந்து அப்பளமாகி,
அதையும் தலையில் தூக்கிக்கொண்டு
இருபதே நிமிடத்தில் எட்டிப் பார்த்தது மாவு.

கொத்துக்கறி செய்யது அசனாவின் பொறுப்பு.
ஆரிகனோ கேட்டேன்,
ஸாத்தர் இருக்கிறது, இரண்டும் பங்காளிதான் என்றான்.
பச்சைமிளகாய் வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள்
ஆறு விழுந்திருந்தது.
நீர் சுண்டும்வரை கிளறினான், பொறுமையாக,
ஊரில் யாருக்கோ கோபம் தணியக் காத்திருப்பவன் போல.

பூரிக்கட்டை கிடையாது.
ரமலானில் காலியான விம்டோ பாட்டில்
உருண்டு உருண்டு வட்டம் போட்டது.
ஒன்று குவைத் மாதிரி, ஒன்று இலங்கை மாதிரி.
பாதியில் கறி, மேலே சீஸ்,
விளிம்பில் இரண்டு விரல் வெற்றிடம்.
ஆசைப்பட்டு அங்கேயும் அடைத்தால்
மூடவே மூடாது.

அசனாவுக்கும் தஸ்நேவிஸுக்கும் மாடு.
எனக்குக் கோழி.
வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவன் வைரமாணிக்கம்.
எங்கள் நாலு பேருக்கும் லீவும் அந்த வெள்ளிதான், பாவம்.
அவனுக்கு வெறும் சீஸ்.

மடித்து அழுத்தியபின்
எல்லாம் ஒரே முகம், சோமாசிக் கூட்டம்.
எது யாருடையது?
முள்கரண்டியால் மாட்டுக்கு மூன்று குத்து, கோழிக்கு ஒரு குத்து,
சைவத்துக்குக் குத்தே வேண்டாம்
என்று தீர்ப்பானது.

பக்கத்து ஃபிளாட் லிஸியம்மா இரவல் தந்த அவனுக்குக்
கதவு சாத்தாது.
துணிக் கிளிப் இரண்டு மாட்டி
நால்வரும் தரையில் குந்தினோம்,
கண்ணாடி வழியே கிரிக்கெட் பார்ப்பதுபோல.
வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவந்து,
டப்.

குத்து வாங்காதது வெடித்திருந்தது.
சீஸ் வழிந்து தட்டில் நடந்து
மாட்டின் விலாவைத் தொட்டு நின்றது.
யாரும் பேசவில்லை.
"ஆவி போக வழி வேண்டாமா, எதையும் இப்படி மூடியே..."
என்று தொடங்கினான் அசனா.
"இதில் தத்துவம் சொன்னே, தட்டைப் பிடுங்கிடுவேன்."
வைரமாணிக்கம் கத்தியால் எல்லை போட்டு
சுவரோரப் பாதியை மட்டும்
தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

நான் கடித்தேன்.
நாக்கு வெந்தது. அண்ணத்தில் ஒட்டியது சீஸ்.
கண்ணில் நீர், அது மிளகாயாகவும் இருக்கலாம்.
இவ்வளவு சூடா இது?

மார்ச்சில், அபு ஹலீஃபாவில்,
லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் ஏழாம் மாடியில்
ஒரு அம்மா பெட்டியைத் திறந்து
விரல் முதுகால் தொட்டுப் பார்த்து
"பாரித்" என்றாள். ஆறிப்போச்சு.
ஒரே ஒரு நட்சத்திரம்.
சம்பளத்தில் அரை தினார் போனது.
அன்று ராத்திரி அவளை நால்வருமாகத் திட்டித் தீர்த்தோம்,
தமிழில், நிம்மதியாக.

"அந்த அம்மா சொன்னது சரிதான்" என்றேன்.
"எந்த அம்மா?"
தஸ்நேவிஸின் வாய் நிறையக் கறி.

ஊதி ஊதி
இன்னொரு கடி கடித்தேன்.