விடுபட்ட எழுத்து

அறிக்கையின் அடியில், பெயருக்கான கோட்டில்
சூல்வே எப்போதும் ‘மாணவி’ என்றுதான் எழுதுவாள்,
பென்சிலால்.
ஒத்திகை நேர்காணலில்
அழுவதுபோல் நடித்தவன் நான்.
என்னிடமே ஆறு முறை மன்னிப்புக் கேட்டாள்.
தன்மதிப்பு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது;
பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டோம்.

சோமாவில் களப்பயிற்சி, மூன்றாம் வாரம்.
ஹமூங்கா என்ற பெண்ணுக்கு
நான்கு மாதமாய் உதவித்தொகை இல்லை.
“விஷயம் தெரிந்தவர் யாரையாவது அனுப்பு”
மக்காச்சோளம் உதிர்த்தபடியே சொன்னாள்.
சூல்வே எழுந்திருக்கவில்லை.
அடையாள அட்டையையும் பட்டியல் நகலையும்
மடியில் அருகருகே வைத்துக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
பட்டியலில்: ஹமூகா.

ஜாம்பியாவின் எல்லா வெயிலும்
அந்த அலுவலக ஜன்னலின் வரிசைமேல்.
தலை நிமிராமல் ஒரு குரல்:
“நீ யார்?”
‘மாணவி’ நாக்குவரை வந்ததாம்.
பெயரைச் சொன்னாள். அவர் தப்பாய் எழுதினார்.
எழுத்தெழுத்தாய்த் திரும்பச் சொன்னாள்,
பிறகு
அந்தப் பெண்ணின் பெயரையும்.

பணம் இன்னும் வந்தபாடில்லை.
திரும்பும் பேருந்தில் என் பேனாவைக் கடன் வாங்கினாள்.
கேட்டால்,
தரமாட்டாளாம்.