உச்சவரம்பு

நாற்பத்து மூவாயிரம் க்ரோனர்.
அந்த எண் எனக்குத் தெரியும்.
திரையில் இருப்பவளுக்குத் தெரியாது.
இதுதான் என் உத்தியோகம்.

எஸ்பியர்க் துறைமுகம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே
கப்பலுக்குக் காத்துப் படுத்திருக்கின்றன காற்றாலை இறக்கைகள்.
திரையில் ரூசே நகரத்துச் சமையலறை ஒன்று.
ரலிட்சா தென்சேவா, முப்பத்தொரு வயது,
கியர்பெட்டி பழுதுபார்ப்பவள்.
அவளுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு ஹெல்மெட்,
அதற்குள் வெங்காயம்.

முப்பத்தாறாயிரம் என்றேன்.
சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
அடுத்துப் பேசுபவர் தோற்பார் என்று
பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

அவள்தான் பேசினாள்.
காற்று மிஞ்சி கோபுரம் ஏற முடியாத நாட்களுக்குச்
சம்பளம் உண்டா?
உண்டு.
பூட்ஸ் யார் செலவு?
கம்பெனி செலவு.
மூன்று மாதத்துக்குள் வேண்டாமென்று அனுப்பிவிட்டால்
திரும்பிப் போக டிக்கெட்?
யோசிப்பதுபோல் அரை நிமிடம் பேனாவை உருட்டிவிட்டு
தருவோம் என்றேன்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
இவளுக்கும் வாய் இருந்தது,
பூட்ஸ் வரைக்கும்.

போன மாதம் அபெர்டீனிலிருந்து ஒருவர்
எடுத்த எடுப்பில் ஐம்பதாயிரம் கேட்டார்.
நாற்பத்து மூன்றை வாங்கிக்கொண்டு
நஷ்டப்பட்டவர் போல உச்சுக்கொட்டினார்.
இவள் பிரித்து மாட்டிய கியர்பெட்டிகளில்
பாதியைக்கூட அவர் தொட்டதில்லை.

கேள், பெண்ணே.
பூட்ஸை விடு, அதைக் கேள்.

"எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்றாள்.

இன்றைக்கே வேண்டாம்,
இரவு ஒருமுறை படியுங்கள், முக்கியமாக மூன்றாம் பக்கம்,
பலர் படித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள் என்றேன்.
பலர், பலர் என்று இரண்டு தடவை சொன்னேன்.
விதிமுறைக்குள் நின்றுகொண்டு
என்னால் அவ்வளவுதான் கண்ணடிக்க முடியும்.

காலையில் மின்னஞ்சல்.
அன்புள்ள டோர்தே, மன்னிக்கவும் என்று தொடங்கி
மன்னிக்கவும் என்றே முடிந்தது.
நடுவில் அறை வாடகை, பஸ் பாஸ்,
கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கு.
மாதம் எண்ணூறு கூடுதலாகக் கிடைக்குமா?

எண்ணூறு.
சிரிக்கத்தான் பார்த்தேன்.
பதினைந்து வருடம் முன்பு இதே அறையில்
ஃப்ளெமிங் ஒரு தொகை சொன்னபோது
நான் நன்றி என்றேன்.
எண்ணூறுகூட எனக்குத் தோன்றவில்லை.

பதில் எழுதினேன்:
இந்தத் தொகையை ஏற்பதற்கில்லை.
நன்றாக யோசித்து மீண்டும் கேளுங்கள்.
என் சாமர்த்தியத்தை மெச்சி
நானே எனக்கொரு காபி போட்டுக்கொண்டேன்.

குடித்து முடிக்கவில்லை, வந்துவிட்டது:
தவறாக நினைக்க வேண்டாம்.
முப்பத்தாறாயிரமே போதும்.
வேலை இன்னும் இருக்கிறதா?

படிவத்தில் சம்பளக் கட்டம் காலியாக இருந்தது.
நாற்பத்திரண்டு என்று தட்டினேன். அழித்தேன்.
அதன் கீழே காரணத்துக்கு ஒரு கட்டம்.
விண்ணப்பித்தவர் கேட்டார் என்பதைத் தவிர
வேறெந்தக் காரணமும் அங்கே செல்லுபடியானதில்லை.
தாழ்வாரத்தில் ஃப்ளெமிங்கின் செருப்பு.
முப்பத்தொன்பது.
கேட்டார் என்று எழுதினேன்.
என் துணிச்சல் மாதத்துக்கு மூவாயிரம் பெறும்,
வரிப் பிடித்தத்துக்கு முன்பு.

மார்ச்சில் வந்தாள்.
கம்பெனி பூட்ஸ் கரகரக்க மாடியேறி
ஒரு பாட்டில் ரோஜா ஜாம் வைத்தாள்.
கேட்காமலே கொடுத்தீர்கள் என்று
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
நான் அவள் பூட்ஸையே பார்த்தேன்.
அளவு சரியாக இருக்கிறதா என்றேன்.

ஜாமை மதியத்துக்குள் அலுவலகம் தீர்த்துவிட்டது.
ஃப்ளெமிங் மூன்று துண்டு ரொட்டிக்குத் தடவிக்கொண்டார்.
எந்த ஊர், என்ன விலை, இன்னொரு பாட்டில் கிடைக்குமா
என்று அவளிடமே கேட்டார்.
அவர் எதையும் கேட்டுவிடுவார்.