பதுவையில் தொலைந்த சைக்கிள்

நண்டு வலை கழிக்கும்போதுதான் அவள் குரல் வரும்.
கையெல்லாம் சேறும் ஓட்டுச் சில்லும்.
மூக்கு நுனியால் போனைத் தொட்டுத் திறப்பேன்.
தங்கச்சிமடத்தில் மணி பதினொன்று,
அக்காவுக்கு இன்னும் விடியவில்லை.

"பனி. துணி காயல.
ஹீட்டர் மேல போட்டு ஒரு சாக்ஸ் கருகிப்போச்சு.
கிளாசுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

ஜெனோவா என்று பேர் வைத்தவர் பங்குச் சாமியார்.
அங்கே அது ஒரு துறைமுகமாம்.
"ஊர் பேரை எழுதாதே, உன் பேரை எழுது"
என்றார்களாம் விரல் ரேகை எடுக்கிற ஆபீசில்.
ரேகையும் மூன்று தடவை விழவில்லை.
நண்டு தின்றது போக மிச்சம்தானே.

அங்கே பரீட்சை வாயால்தான்.
முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் பாஸ்.
மார்க் பிடிக்காவிட்டால்
வேண்டாமென்று எழுந்து வந்துவிடலாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.
அம்மாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது:
"ஏலம் படியலன்னா
மீனை ஐஸ்ல போட்டு வைக்கிறதில்லையா."

படிக்கப் போன ஊர் பாதுவா.
அம்மாவுக்கு அது பதுவை,
செவ்வாய்க்கிழமை ஜெபத்தில் வருகிற பதுவை.
வானத்தில் எங்கேயோ இருக்கிறதென்று நினைத்திருந்தோம்.
அங்கே டிராம் ஓடுகிறதாம்.
"அந்தோணியார் கோயிலுக்குப் போனியா?"
"போகணும்மா."
வகுப்பு, அப்புறம் பீட்சாக் கடையில் தட்டுக் கழுவல்,
அப்புறம் தூக்கம். கோயில் இருபது நிமிட நடை.
ஏழு மாதமாகப் போகணும்மா.

தை மாதம் சைக்கிள் திருடு போனது.
ஊருக்குத் திரும்பிய ஈரான்காரப் பெண்ணிடம்
நாற்பது யூரோவுக்கு வாங்கியது.
அந்தச் செவ்வாய்க்கிழமை
அம்மா இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினாள்.
பின்னால் நின்ற எனக்கும் கேட்டது:

"உம்ம கையில புள்ளை இருக்கு, தெரியும்.
இருந்தாலும் உம்ம ஊரு, உம்ம தெருவு.
எங்க வீட்டுச் சாவி தொலைஞ்சா
இம்புட்டுத் தூரம் வந்து தேடித் தர்றீரு.
வாசல்ல நின்ன சைக்கிளப் பாத்துக்க மாட்டீரா?"

அதே வாரம் அப்பாவின் வலையில்
பாதி அறுந்து போயிருந்தது.
யார் அறுத்தது என்று யாரும் கேட்கவில்லை.
அதற்கு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.
கச்சத்தீவில் இருப்பவரும் அவரேதான்;
ஆனால் அது வேறு வழக்கு.

மாசியில் ஒருநாள் பேச்சே இல்லாத குரல் வந்தது.
நாற்பத்தேழு நொடி.
காலடிச் சத்தம், யாரோ இருமுவது,
உண்டியலுக்குத் தப்பிய காசு உருண்டு போவது.
கடைசியில் மட்டும் அவள்:
"மழைக்கு ஒதுங்கினேன். கல்லறையத் தொட்டேன்.
நம்ம ஐஸ் பெட்டி மாதிரி சில்லுன்னு இருக்கு."
அம்மா மூன்று தரம் போடச் சொன்னாள்.
"அழறாளா?"
"சளிம்மா."

ராத்திரி எனக்கு மட்டும் இன்னொன்று:
"சைக்கிள வித்துட்டேன்டி. வாடகை குறைஞ்சுச்சு.
அம்மாகிட்ட சொல்லிராத."

அடுத்த செவ்வாயும் அம்மா விடவில்லை.
கோயிலில் கூட்டமில்லை, வாடைக்காற்று
திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
"பூட்டாவது கிடைச்சுச்சா, அதையாவது சொல்லும்."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
கையிலிருந்த குழந்தை மட்டும் என்னையே பார்த்தது.
மெழுகு வழிந்து என் விரலில் விழுந்தது.
ரேகை தேய்ந்த இடம்,
சூடு தெரியக் கொஞ்ச நேரமானது.