தண்ணி எடை

கடலூர் துறைமுகத்தில்
பதினோரு வருசமாய் எடை போடுகிறேன்.
கூடையைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும்,
சங்கரா என்றால் இவ்வளவு, கவளை என்றால் இவ்வளவு.
தொள்ளாயிரத்து நாற்பது கிராம் என்று
கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சொன்னபோது
கை ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தெட்டு வாரம்.
வளைகாப்புக்குச் சொல்லிவைத்த வளையல்காரர்
தேதி கேட்டு போன் செய்கிறார்.
அப்புறம் பேசுகிறேன் என்கிறேன்.

கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டிய சீட்டில்
‘பேபி ஆஃப் புனிதவல்லி’.
அப்பன் பெயருக்கு அதில் இடமில்லை.
அப்பனுக்கு வேறு வேலை இருக்கிறது:
பஞ்சு வாங்க, ரத்தக் குப்பியோடு லேபுக்கு ஓட,
உள்ளே போகுமுன் முழங்கை வரை சோப்புப் போட.
எத்தனை கழுவினாலும்
நகக்கண்ணில் மீன் இருக்கிறது.

மூன்றாம் நாள் எண்ணூற்று எழுபது.
“பயப்படாதீங்க, தண்ணி எடைதான் இறங்குது”
என்றார் சிஸ்டர் லிஸ்ஸி.
தண்ணி எடை எனக்குத் தெரியும்.
ஐஸ் உருகி ஒழுகியபின் மறுபடி நிறுத்தால்
கூடைக்கு ரெண்டு கிலோ காணாமல் போகும்.
வியாபாரி என்னை முறைப்பான்.
இங்கே நான் யாரை முறைக்க?

சில நேரம் மூச்சுவிட மறந்துவிடுகிறாள்.
அதெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று
எனக்கு முப்பத்துநாலு வயசு வரை தெரியாது.
மணி அடிக்கும்.
சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டுவார்,
கேரம் காயைச் சுண்டுவதுபோல, அதைவிட லேசாய்.
ஓ, ஆமாம் என்பதுபோல் மார்பு எழும்பும்.
அந்தக் கால்
என் கட்டைவிரல் நீளம்.

தாய்மார் அறையில் புனிதவல்லி
ரெண்டு மணிக்கு ஒருதரம் பாலைப் பிழிகிறாள்,
எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் கொழுகொழுக் குழந்தையைப் பார்க்காமல்.
எவர்சில்வர் கிண்ணத்தின் அடி மட்டும் நனைகிறது.
மகளுக்கு அதிலும் மிச்சம்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்றாம்.
படகு போகாது. வேலை இல்லை.
எனக்குக் கடலே லீவு கொடுத்தது.
ராத்திரி வராந்தாவில் அட்டையை விரித்துப் படுக்கிறேன்.
கரண்ட் போனால்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை எண்ணுகிறேன்.
பேட்டரி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்துப் பெட்டி பண்ருட்டிக்காரியின் மகன்.
எந்நேரமும் பின்னிக்கொண்டிருப்பாள், மஞ்சள் நூலில்.
வியாழக்கிழமை காலை அந்தப் பெட்டியை
மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
சாயங்காலம் புனிதவல்லி கையில்
சாத்துக்குடிக்குச் சரியாக இருக்கும் ஒரு குல்லாய்.
“போகும்போது குடுத்துட்டுப் போச்சு.”
வேண்டாம் என்பது வாய்வரை வந்தது.
“அவன் போடவே இல்ல. புதுசு” என்றாள்.
நான் சொல்லவந்தது அது இல்லை,
அது அவளுக்கும் தெரியும்.
வெந்நீரில் அலசி, காயவைத்து,
சிஸ்டரிடம் கேட்டுவிட்டு,
மகளுக்குப் போட்டாள்.

பத்தொன்பதாம் நாள் என் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
நாற்காலியில் சாய்த்து
குழாயோடும் வயரோடும் அவளை என் நெஞ்சில் வைத்து
துணியால் கட்டினார்கள்.
ஒரு மணி நேரம்.
மூக்கு அரித்தது. சொறியவில்லை.
அவள் மூச்சு என் மார்முடியில் பட்டு
நின்று
பட்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
துறைமுகத்தில் எவ்வளவோ தடவை
தட்டின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்திருக்கிறேன்,
முதலாளி கண் காட்டியபோது,
சிலசமயம் காட்டாதபோதும்.

இன்று அவளை நிறுத்தபோது
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
குளிருக்குக் குல்லாயைக் கழற்றவில்லை.
ஆயிரத்துப் பன்னிரண்டு.
“குல்லாய்க்குப் பதினஞ்சு கழிச்சுக்கங்க”
என்று உள்ளே யாரோ சொல்ல
சிஸ்டர் கழித்து எழுதினார்:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.

சட்டைப் பையில் என் சின்ன நோட்டு இருக்கிறது,
கவளைக்கும் சங்கராவுக்கும் பின்னால்
இவளுக்கென்று ஒரு பக்கம்.
நான் கழிக்கவில்லை.