பெரிய ற

பத்தே முக்காலுக்கு முதற்பக்கம் மூடவேண்டும்.
பத்து இருபதுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்பும்மட்டும்
கைபேசி வெளிச்சத்தில்
மரண அறிவித்தல்களின் வயதைக்
கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.
பிறந்தது ஐம்பத்திரண்டு, இறந்தது நேற்று,
எண்பத்தொன்று என்கிறது விளம்பரம்.
இந்நேரம் யாரைக் கேட்பது?
போனமுறை ஒரு மருமகனின் பெயர் விடுபட்டதற்கு
உவர்மலையிலிருந்து மூன்று வாகனத்தில் வந்தார்கள்.

குலேந்திரன் அண்ணர் தலைப்புக்கு எழுத்து எண்ணுகிறார்.
"கொட்டியாரக் குடாவில் சென்ற படகு: மூவரைக் காணவில்லை."
இடம் பற்றாது.
குடாவை வெட்டினோம். படகை வெட்டினோம்.
மூவரைக் காணவில்லை
ஆறு பத்தி அகலத்துக்கு
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.
"அருமை" என்றார் அண்ணர்.
அருமை என்றேன் நானும்.
அந்தச் சொல் வாயில் கிடந்து
தேத்தண்ணியோடு இறங்க மறுத்தது.

மூன்று படங்கள்.
ஒன்று அடையாள அட்டையிலிருந்து.
ஒன்று கல்யாண வீட்டுக் கூட்டத்தில் வெட்டியெடுத்தது,
தோளில் யாருடையதோ கை இன்னும் இருக்கிறது.
கடைசி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி
பைரூஸ், வயது இருபத்தாறு.
"அந்தக் கையை எடு" என்றேன்
பக்கம் கட்டும் தர்சனிடம்.
"எடுத்தா தோளும் போயிடும் அக்கா."
விட்டோம்.

பதினொன்று ஐந்து. பிளேற் இறங்கிவிட்டது.
கீழே கிங்ஸ்லி இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினால்
மாடிப் பலகை அதிர்ந்து
உள்ளங்காலில் ஏறும்.
அது ஏறிய பிறகுதான் எனக்குப் பசிக்கும்.
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

பதினொன்று பதினெட்டு. கிண்ணியாவிலிருந்து நிஸ்தார்.
மூச்சு வாங்குகிறான், பின்னால் சனத்தின் இரைச்சல்.
"வந்துட்டாங்க மிஸ், மூணு பேரும்.
எஞ்சின் பழுதாம், வாகரைப் பக்கம் ஒதுங்கி
ரோட்டால வந்து இப்பதான் இறங்குறாங்க.
கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றன்."

செருப்பில்லாமல் படியில் ஓடினேன்.
இயந்திரத்துக்கு மேலாக என் குரல் கேட்காது.
கட்டறுத்த மாட்டை மறிப்பவள்போல
இரண்டு கையையும் விரித்து நின்றேன்.
நானூறு பிரதி அடித்தாயிற்று.
கடதாசி விலையைச் சொல்லிச் சொல்லித்
திட்டினான் கிங்ஸ்லி.
விஷயம் கேட்டதும்
மைக்கையால் தலையைத் துடைத்துக்கொண்டான்.

முதற்பக்கத்தில் இப்போது பெரிய பள்ளம்.
வந்து சேர்ந்தவர்களுக்கு
அத்தனை இடம் தேவைப்படவில்லை,
இரண்டு பத்தி போதும், படமும் வேண்டாம்.
மிச்சத்துக்கு
நீர்வெட்டு, நெல் விலை, ஒழுகும் பாடசாலைக் கூரை
என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிப்போட்டோம்.
இவ்வளவு அவலட்சணமான பக்கம்
இந்த மேசையிலிருந்து போனதில்லை.
அண்ணர் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.
அவருக்குப் பாட்டு வரும் என்பதே
எங்களுக்குத் தெரியாது.

நாலேகால் மட்டக்களப்பு பஸ்ஸில் கட்டுகளை ஏற்றிவிட்டுத்
திரும்பும்போது
பஸ் நிலையத்தடியில் மான்கள் நின்றன.
கிங்ஸ்லி கழித்துப்போட்ட நானூறில் ஒன்றை
ஒரு கொம்பன் நிதானமாக மென்றுகொண்டிருந்தது.
'மூவரை' போய்விட்டது.
'காணவில்லை' மட்டும் வாய்க்கு வெளியே தொங்கியது.

காலையில் வந்தது ஒரேயொரு அழைப்பு.
தொழுகை நேரத்தை ஏன் போடவில்லை என்று.
நெல் விலைக்கு இடம்விட்டு அது விழுந்ததை
நான் கவனிக்கவில்லை.
மன்னிப்புக் கேட்டேன், இரண்டு தரம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் வந்தான்.
வெயிலில் உரிந்த மூக்கு, புதுச் சேட்.
"நாங்க காணாமப் போன பேப்பர் ஒண்டு அடிச்சீங்களாமே மிஸ்,
அதுல ஒண்டு தாங்களேன், உம்மாட்ட காட்ட."
லாச்சியில் ஒன்று கிடந்தது,
ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாமல்.

நின்றபடியே முழுக்கப் படித்தான்.
கல்யாண வீட்டுப் படத்தில்
தோளில் கிடந்த கையைத் தொட்டு
"இது நாந்தான்" என்றான்.
பிறகு தன் படத்துக்குக் கீழே
விரலை வைத்து நிறுத்தினான்.

"மிஸ், பேர் பிழை.
எனக்குப் பெரிய ற."

மேசை முழுக்கச்
சிவப்புப் பேனையைத் தேடினேன்.