ஆயிரத்தில் மூன்று

இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு:
உருளை எத்தனை அங்குலம்.
லோர்னாவுக்கு முப்பத்திரண்டு வேண்டும்.
எனக்குப் பதினாறே அதிகம்.
கராஜில் இருப்பதோ,
பனிவண்டியையும் விறகையும் தள்ளி வைத்தால்
ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கும் இடம்.

அவள் செய்வது மேசை. நான் செய்வது வில்.
இரண்டு விரல் அகல மேப்பிள் பட்டை,
இரு புறமும் கண்ணாடி நார், இடையில் பசை,
வெப்பப் பெட்டியில் ஆறு மணி நேரம்.
பட்டை ஒவ்வொன்றும்
பிடியிலிருந்து நுனிவரை மெலிய வேண்டும்,
அடிக்கு இத்தனை என்று
வட்டிக் கடைக்காரன் கழித்துக்கொள்வது போல.

போன மாதம் கையால் தேய்த்தேன்.
உப்புத்தாள், மரக்கட்டை, மூன்று சாயங்காலம்.
நாண் ஏற்றியதும் வில்லின் மேல்கை
இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது,
பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சாட்சியை
வக்கீல் பார்ப்பது போல.
லோர்னா ஒன்றும் சொல்லவில்லை.
காலிப்பரை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை இஷ்பெமிங்கிலிருந்து எஸ்கனாபா.
அறுபத்தைந்து மைல், சாலையெல்லாம் உப்பு.
டெல்ஃபின் பூஷார் டல்சிமர் கட்டுகிறவள்.
பெரியது வாங்கிவிட்டாள், பழைய டிரம் சாண்டரை விற்கிறாள்.
ஒரு பக்கம் திறந்த இயந்திரம்:
உருளையை ஒரே கையால் பிடித்திருக்கிறது,
ஜன்னல் துடைக்கிறவன் தொங்குவது மாதிரி.
"திருப்பிப் போட்டு இரண்டு முறை விட்டால்
முப்பத்திரண்டும் போகும்" என்றாள்.
லோர்னாவின் முகத்தில் மேசை ஒன்று விரிந்தது.

அகலமான செர்ரித் துண்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன்.
"ஓட்டிப் பார்க்கலாமா?"
"பார்க்காமல் வாங்குகிறவருக்கு நான் விற்பதில்லை."
பெல்ட் நகர்ந்தது. தூசுக் குழாய் இரைந்தது.
செர்ரி சூடாக, லேசாகக் கருகிய வாசனையோடு
மறுபக்கம் வந்தது.
இடது ஓரம் ஐந்நூறு.
வலது ஓரம் ஐந்நூற்று மூன்று.
ஓர் அங்குலத்தை ஆயிரமாகக் கிழித்து
அதில் மூன்று.
மயிரிழை. உவமை இல்லை, அளவு.

வில் வளையலாம்.
வில்லைச் செய்கிற இரும்பு வளையலாமா?
கேட்டேன். டெல்ஃபின் சிரித்தாள்.
"என் டல்சிமர் காதில் அது விழுந்ததே இல்லை.
உன் பட்டை இரண்டு விரல்தானே?
மோட்டார் ஓரமாக விடு."

விட்டேன்.
ஐம்பது, ஐம்பது, ஐம்பது.
எங்கே கவ்வினாலும் ஐம்பது.
பேரம்கூடத் தேவையில்லை என்று
பர்ஸைத் தொட்டேன்.

லோர்னா அந்தச் செர்ரியை எடுத்து
கண்ணை மூடிக்கொண்டு
கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் தடவினாள்.
திரும்பவும்.
"இது வேண்டாம், அர்னே."
"அகலம் கேட்டது நீதானே?"
"இருபத்தெட்டு அங்குல மேசை.
திருப்பிப் போட்டு விட்டால் நடுவில் ஒரு வரப்பு.
யார் கண்ணுக்கும் தெரியாது.
நான் அதில் தினமும் மாவு பிசைவேன்."

டெல்ஃபின் கோபித்துக்கொள்ளவில்லை.
காபி ஊற்றினாள், உப்புத்தாள் சுருள் ஒன்று
சும்மா கொடுத்தாள்: எண்பதாம் நம்பர், பாதி தீர்ந்தது.

திரும்பும் வழியில் ரொம்ப நேரம் பேசவில்லை.
ராக் ஊர் தாண்டி அவள்தான் சொன்னாள்:
இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் மூடியது.
உருளையை இரு கைகளும் பிடித்திருக்க வேண்டும்.
"மேசை இருபத்திரண்டு ஆகிவிடுமே.
எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்."
"இடிக்கட்டும்" என்றாள்,
கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது.
நான்கு பேர் தூக்கினோம், ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.
அளவெல்லாம் அளந்தவன்
பிளக்கைப் பார்க்கவில்லை.
அது கேட்பது இருநூற்றி நாற்பது வோல்ட்,
சுவரில் இருப்பதோ அதில் பாதி.
எலக்ட்ரீஷியன் வெஸ் மாக்கி வியாழன் வருவானாம்,
வந்தால்.

அதுவரை இயந்திரத்தின் மேலேயே
பட்டையைக் கிளாம்ப் போட்டுத் தேய்க்கிறேன்.
தட்டையான, நல்ல உறுதியான பரப்பு.
ஒரு மயிரிழைகூட அசையவில்லை.